பொய்யிரையின் இடம் பெட்டி, குளமன்று

தூண்டிற்காரர்களின் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது ஒரு பத்திரிகையாளனின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். இந்நாட்டில் எழுதுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் கிடக்க, மீனை ஏமாற்றும் பிளாஸ்டிக் புழுவைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டானே என்று நகைக்கவும் கூடும். ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் குளங்களை அறிந்தவன் என்ற வகையில் இதனை எழுதியே ஆகவேண்டியிருக்கிறது. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் தமது மென்பிளாஸ்டிக் இரைகளை எப்படிப் பேணி வைக்கிறார்கள் என்பது அவர்களது சொந்த விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அன்று. குளத்து நீரைக் குடிப்பவனுக்கும், குளத்து மீனை விற்றுப் பிழைப்பவனுக்கும் அவர்கள் செலுத்தவேண்டிய கடமை அது. அந்தக் கடமையை இன்று எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். புழு, தவளை, சிறுமீன், இறால் என்று பல வடிவங்களில், கையில் எடுத்தால் கொழகொழவென்று நெளியும் இந்தப் பொய்யிரைகளைக் கடைக்காரர்கள் 'சொப்ட் பிளாஸ்டிக்' என்றும் 'லூர்' என்றும் சொல்வார்கள். விராலைக் குறிவைத்து வருபவர்களின் பையில் பிளாஸ்டிக் தவளை ஒன்றேனும் இருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த நிக் கிறீம் என்பவர் 1949 இல் தம் வீட்டு அடுப்பிலே காய்ச்சி வார்த்த பிளாஸ்டிக் புழுவிலிருந்து வளர்ந்த தொழில் இது. இன்று உலகின் எல்லா மூலைகளிலும் விற்பனையாகிறது.

இந்த இரைகளிற் பெரும்பாலானவை பீ.வீ.சீ. என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. நம் வீட்டு நீர்க்குழாயும் அதே பீ.வீ.சீ. தான். குழாய் விறைப்பாக நிற்க, புழு மட்டும் ஏன் நெளிகிறது? பீ.வீ.சீ. தூளை எண்ணெய் போன்றதொரு மென்மையாக்கித் திரவத்திற் கலந்து சூடாக்கி அச்சில் வார்க்கிறார்கள். ஆறியதும் அந்தத் திரவம் பிளாஸ்டிக்கின் உள்ளே தங்கி அதனை மென்மையாக வைத்திருக்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக்கோடு இரசாயன முறையிற் பிணைக்கப்பட்டதன்று. குடிவந்தவன் போல உள்ளே இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் வெளியேறிவிடும். பொய்யிரையைத் தொட்ட விரலில் ஒட்டும் பிசுபிசுப்புக்கு ஒரு காரணம் இதுவே.

பேணிவைத்தல் என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. வெளியேறும் அந்தத் திரவம் வேறு சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். கண்ணாடி போலப் பளபளக்கும், தட்டினால் உடையும் மலிவான பெட்டிகள் பல பொலிஸ்டைரீனால் ஆனவை. பொய்யிரையை அதில் வெறுமனே போட்டு வைத்தால் சில வாரங்களில் பெட்டியின் அடி இளகும். இரை அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஏ.பீ.எஸ்., பொலிகார்பனேட், அக்கிரிலிக் ஆகியவற்றாலான பெட்டிகளும் நம்பத்தகுந்தவை அல்ல. பொலிப்புரொப்பிலீனும் பொலித்தீனுமே இதற்குத் தாக்குப் பிடிக்கும். எப்படி அறிவது என்று கேட்பவர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பொலிப்புரொப்பிலீன்; 2 அல்லது 4 இருந்தால் பொலித்தீன் வகை. 6 என்றிருந்தால் அது பொலிஸ்டைரீன். அதில் வேறெதையாவது போட்டு வையுங்கள். எல்லாவற்றிலும் எளிய வழி, வாங்கிய பொதியிலேயே வைத்து, வாயை இறுக மூடி, பொதிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்குவதுதான். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது விதி நிறங்களைக் கலக்காதிருத்தல். கறுப்புப் புழுவும் வெள்ளைப் புழுவும் ஒரே பைக்குள் கிடந்தால் மென்மையாக்கித் திரவம் சாயத்தையும் சுமந்துகொண்டு மற்றதற்குள் ஏறும். சில நாட்களில் இரண்டும் அழுக்கு நிறமாகிவிடும். மூன்றாவது விதி இதனிலும் முக்கியமானது. இப்போது இழுபட்டாலும் அறுபடாத ஒருவகை இரைகள் சந்தைக்கு வந்துள்ளன. இவை பீ.வீ.சீ. அல்ல, இறப்பர் போன்ற இயல்புடைய, டீ.பீ.ஈ. எனப்படும் வேறொரு பொருள். இதனையும் பீ.வீ.சீ. இரையையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் இளகிச் சேர்ந்து பசைக்கட்டியாகிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொதியில் இருக்கவேண்டும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, உக்கும் தன்மையுடையவை என்று விற்கப்படும் இரைகள் மூன்றாவது வகை. அவற்றை மூடி திறந்த நிலையில் விட்டால் வற்றிச் சுருங்கிக் கல்லாகிவிடும். அவற்றுக்குரிய திரவத்தோடு, மூடியை இறுக அடைத்து வைக்க வேண்டும்.

நான்காவது விதி வெப்பம் பற்றியது. வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்துக்குள் வெளியிலும் பார்க்க 20 பாகை செல்சியஸுக்கு மேல் உயர்ந்துவிடும். தம்புள்ளையின் சித்திரை வெயிலில் வேனின் பின்பக்கத்தில் விட்டுச் செல்லப்பட்ட பெட்டியின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் கூடக்கூட எண்ணெய் விரைவாகக் கசியும்; இரைகள் ஒன்றோடொன்று ஒட்டும்; வளைந்து கிடந்தவை வளைந்தபடியே நிலைத்துவிடும். வளைந்த இரை நீரிற் சுழலும், நூலை முறுக்கும், மீனையும் விரட்டும். வீட்டில் அலுமாரியின் நிழலான தட்டில், நீட்டாகக் கிடத்தி வைத்தால் இவை எதுவும் நேராது.

கொக்கிகளையும் ஈயத் தலைகளையும் இரையிற் கோத்தபடியே வைத்தலும் கூடாது. இரையிலுள்ள ஈரமும் சிலவற்றிற் சேர்க்கப்படும் உப்பும் கொக்கியைத் துருப்பிடிக்கச் செய்யும்; கசியும் எண்ணெய் ஈயத்தின் மேற்பூச்சை இளக்கும். ஈயம் நஞ்சு என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தப் பெட்டி சோற்றுப் பொதியோடு ஒரே பையிற் போகக்கூடாது; சிறுவர் கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கக்கூடாது. இரையைத் தொட்ட கையை உணவுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

இவ்வளவும் தூண்டிற்காரனின் பணத்தைக் காப்பதற்கான ஆலோசனை மட்டுந்தானே, இதிற் குளம் எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். சொல்கிறேன்.

கெட்டுப்போன இரை எங்கே போகிறது? சில ஆண்டுகளுக்கு முன் தம்புள்ளைப் பக்கத்துக் குளக்கட்டு ஒன்றில், நகரத்திலிருந்து வந்த இளைஞர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பத்துப் பதினைந்து இரைகள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. பெட்டியைக் கல்லிலே தட்டி, வந்ததைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு, "இது இனி எதுக்கும் ஆகாது அண்ணே, சின்னச் சாமான்தானே" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். படித்தவர், பணிவாகப் பேசுபவர். அந்தக் கட்டி என்ன பொருள் என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

எறியப்படாத இரையும் தப்புவதில்லை. பேணாமல் விட்டு நைந்துபோன இரை முதல் வீச்சிலேயே கொக்கியிலிருந்து கிழிந்து நீரில் விழும். விழுந்தது உக்காது. மீனின் கண்ணுக்கு இரை போலத் தெரியவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. குளத்தின் அடியிற் கிடக்கும்போதும் அப்படித்தான் தெரியும். 2009 இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், தொட்டியின் அடியில் இடப்பட்ட மென்பிளாஸ்டிக் இரைகளை நன்னீர் மீன்கள் தாமாகவே விழுங்கின. அவ்வாறு விழுங்கிய மீன்களின் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டது. கொக்கி இல்லை, தூண்டில் இல்லை, அப்படியிருந்தும் மீன் ஏமாந்தது. 2013 இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இத்தகைய இரைகளைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது. தூண்டிற்காரர்களின் எதிர்ப்பினால் தடை நிறைவேறவில்லை. விடயம் ஆய்வுக்கு விடப்பட்டது. ஆயினும் அங்கே அது சட்டமன்றம் வரை போயிற்று. இங்கே குளக்கட்டு வரை கூட வரவில்லை.

மென்மையாக்கித் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீ.வீ.சீ.யை மென்மையாக்கப் பயன்படுத்தப்பட்டு வந்தவற்றுள் தலேற்று என்னும் இரசாயன வகை முக்கியமானது. குழந்தைகள் வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருட்களில் சில தலேற்றுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் தற்காலிகத் தடையும், 2005 இல் நிரந்தரக் கட்டுப்பாடும் விதித்தது. அமெரிக்கா 2008 இல் அதே வழியிற் சென்றது. எல்லா இரைகளிலும் இவை உள்ளன என்று நான் சொல்லவில்லை. தலேற்று இல்லாதவை என்று அறிவித்து விற்பவர்களும் உண்டு. என் கேள்வி வேறு. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு வரம்பு உண்டு. மீன் வாயில் வைக்கும் பொம்மைக்கும், அந்த மீனை வாயில் வைக்கும் மனிதனுக்கும் என்ன வரம்பு?

மாத்தளைக் குளங்கள் வெறும் காட்சிப்பொருள்கள் அல்ல. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்க வழியாக உக்குவளைக்கு வந்து, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் இறங்கி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து வறண்ட வலயத்துக்குப் போகிறது. மொரகஹகந்தையில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பப்பட்டது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 570 மில்லியன் கனமீற்றர். மாத்தளை, அநுராதபுரம், பொலன்னறுவை, திருகோணமலை மாவட்டங்களுக்குப் பாசன நீரோடு குடிநீரும் கொடுப்பது அத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அதன் இணையான களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கலப் பகுதியில் வீடுகளும் வயல்களும் நீரில் அமிழ்ந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்துபோன மக்களின் தியாகத்தால் நிறைந்த நீர் அது. அதில் எண்ணெய்ப் பிளாஸ்டிக்கை எறிவதற்கு எவருக்கு உரிமை உண்டு?

அந்த நீரை நம்பிப் பிழைக்கும் மீனவனையும் நினைத்துப் பாருங்கள். 1952 இல் திலாப்பியா இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே நம் குளங்களில் நன்னீர் மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது. 1990 இல் அன்றைய அரசாங்கம் அத்தொழிலுக்கு வழங்கிவந்த ஆதரவைத் திடீரென்று நிறுத்தியது. 1994 இலேயே அது மீண்டது. நீருயிரின வளர்ப்புக்கென 'நக்டா' எனப்படும் அதிகாரசபை 1999 இல் இயங்கத் தொடங்கியது. குளத்தில் குஞ்சு விடுவதும், அது வளரும்வரை காத்திருப்பதும், சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு அடங்கி வலை விரிப்பதும் இந்த மீனவனின் வாழ்க்கை. அவன் வலையின் கண் அளவுக்குச் சட்டம் உண்டு. தங்கூசி வலை வைத்திருந்தால் வழக்கு உண்டு. அச்சட்டங்களை நான் எதிர்க்கவில்லை, அவை வேண்டியவையே. ஆனால் பிழைப்புக்காக மீன் பிடிப்பவனின் கருவியை அளந்து பார்க்கும் அரசு, பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவனின் பெட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏழையின் வலைக்கு அளவுகோல், வசதியுள்ளவனின் பெட்டிக்கு வணக்கம் என்பது என்ன நியாயம்?

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. 2021 மே மாதத்தில் கொழும்புக் கடற்பரப்பில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்ததே, அதன் முன்னால் என் பத்துப் புழு எம்மாத்திரம் என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று நமது உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. பெரியவன் செய்த தவறைச் சிறியவன் தன் தவறுக்கு அனுமதிப்பத்திரமாகக் காட்ட முடியாது என்பதற்கு அத்தீர்ப்பே போதும். மேலும், கடல் பெரியது, குளம் சிறியது. கடலில் விழுந்தது அலையோடு அலைந்து போகலாம். குளத்தில் விழுந்தது அங்கேயே கிடக்கும்.

உக்கும் இரையை வாங்கினாற் போயிற்று, பெட்டியைப் பற்றி ஏன் கவலை என்பது இன்னொரு வாதம். உக்கும் என்ற சொல் பொதியின் மேல் அச்சிட்ட சொல். எந்த நீரில், எத்தனை நாளில், எவ்வளவு உக்கும் என்பதை விற்பவர் சொல்லும்வரை அது வெறும் விளம்பரமே. அத்தகைய இரையையும் ஒழுங்காக மூடிவைக்காவிட்டால் அது காய்ந்து பயனற்றுப் போகும் என்று மேலே சொன்னேன். எந்த வகையாயினும் பேணாதவனின் கையில் அது குப்பைதான்.

ஊரார் குளத்தில் எறியும் குப்பையிலும் பார்க்கவா இது பெரிது என்பது மூன்றாவது வாதம். ஊராரின் குப்பையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஊரார் தம் குளத்துக்காகக் குரல் கொடுத்ததையும் மறந்துவிடக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் கண்டலமக் குளக்கரையில் பெரிய விடுதி ஒன்று எழுப்பப்பட்டபோது, குளத்து நீர் மாசுபடும் என்று அஞ்சித் துறவிகளும் கிராமத்தவரும் போராடினார்கள். கட்டடம் எழும்பத்தான் செய்தது. ஆயினும் கழிவுநீர் என்னவாகும் என்ற கேள்வியை அவர்கள் நாடு முழுவதும் கேட்கும்படி எழுப்பினார்கள். குளத்தின் நீர் யாருடையது என்பது அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது. வார இறுதியில் வந்துபோகும் விருந்தாளிக்கும் அது தெரியவேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வரும்போது மருமகனுக்கும் மச்சானுக்கும் தூண்டிற் சாமான்களை அன்போடு கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். பிரித்தானியாவில் 28.35 கிராம் வரையான ஈயக் குண்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 1987 இலேயே தடை வந்தது. அன்னப் பறவைகள் ஈயத்தை விழுங்கி இறந்தமையே காரணம். தேம்ஸ் நதிக்கரையில் அந்த விதிக்கு அடங்கி நடக்கும் தம்பி, ஊருக்கு வந்ததும் விதியெல்லாம் விமான நிலையத்தோடு முடிந்தது என்று எண்ணலாமா? பெட்டியைக் கொடுக்கும்போது அதை எப்படி வைப்பது என்றும் சொல்லிக் கொடுங்கள். நைந்த இரைகளை எறியாமல் சேர்த்து வைக்க ஒரு வெற்றுப் பொதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. இரை என்ன பொருளால் ஆனது, எதனோடு சேர்க்கக்கூடாது, எங்கே வைக்கவேண்டும் என்பதைப் பொதியின் மேல் மூன்று மொழிகளிலும் அச்சிடுமாறு இறக்குமதியாளரைக் கட்டாயப்படுத்தலாம். 2007 இல் மெல்லிய பொலித்தீனையும், 2017 இல் உணவு சுற்றும் பொலித்தீனையும், 2021 இல் சிறு சஷேப் பொதிகளையும் தடைசெய்யத் துணிந்த நாட்டுக்கு ஒரு சிட்டை ஒட்டச் சொல்வது கடினமா? வெளியார் வந்து தூண்டில் போடும் குளங்களில், அறுந்த தங்கூசியையும் கெட்ட இரைகளையும் போடுவதற்கு மூடியுள்ள குழாய் ஒன்றை நாட்டலாம். வேறு நாடுகளில் நீர்க்கரைகளில் அவ்வாறு நாட்டியிருக்கிறார்கள். சேர்ந்ததை எரிக்கக்கூடாது. பீ.வீ.சீ. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும், டயொக்சின் என்னும் நஞ்சும் உண்டாகலாம். பழைய இரைகளைச் சமையலறை அடுப்பில் உருக்கிப் புதிதாக வார்க்கும் விளையாட்டும் இதே காரணத்தால் வேண்டாம்.

சட்டமும் சிட்டையும் வரும்போது வரட்டும். தூண்டிற்காரர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவே பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியில் எண்ணைப் பாருங்கள். வகைவகையாகப் பிரியுங்கள், நிறம்நிறமாகப் பொதியுங்கள், கொக்கியைக் கழற்றுங்கள், வேனிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாதவர் கண்டலமவுக்கும் போவத்தென்னவுக்கும் தூண்டிலோடு வரவேண்டாம். கட்டில் அமர்ந்து நீரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்; அதற்குக் குளம் எவரிடமும் எதுவும் கேட்பதில்லை.